பதினொரு மாப்பிள்ளைகளுக்கு மேல் கூடாது

மாப்பிள்ளைகள் வந்த வருஷத்தைப் பற்றி எங்கள் கொன்றையடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், சிலர் வராத யானையைக்கூட வந்ததாகச் சேர்த்துச் சொல்வார்கள் என்பதால், எதிர்க்கடையில் உட்கார்ந்து முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை கண்ணால் பார்த்த நான் சொல்வதை மட்டும் நம்பினால் போதும். என் பெயர் பிரமு. பேருந்து நிலையத்துக்குப் போகிற தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கு நேர் எதிரே பதினெட்டு வருஷமாக ஆவுடையப்பன் அண்ணாச்சியின் திருமணத் தகவல் மையம். மையத்துக்குள் ஒரு கணினி. கணினிக்கு முன்னால் உலகம்மாள்.

உலகம்மாளுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அம்மா அப்பா இல்லை, அண்ணன் திருப்பூரில் குடும்பத்தோடு இருந்தான், வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு போன் பண்ணுவான். ஒன்பது வருஷமாக ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை தேடித் தருகிற நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒன்பது வருஷத்தில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை தேட வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கணினியில் இருந்த புரோகிராம் அண்ணாச்சியின் மச்சினர் மகன் தென்காசியில் காலேஜ் படிக்கும்போது எழுதிக் கொடுத்தது. அதன் லட்சணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதில் இரண்டே இரண்டு பெட்டிகள்தான். ஒன்றில் ஆணா பெண்ணா என்று போட வேண்டும், இன்னொன்றில் எத்தனை பேர் என்று போட வேண்டும், போட்டுவிட்டுத் 'தேடு' என்பதை அழுத்த வேண்டும். இருபது என்று போட்டால் யார் முதலில் பதிந்தார்களோ அந்த வரிசைப்படி முதல் இருபது பேரின் விவரம் வரும். அடுத்த நாள் இருபது போட்டாலும் அதே இருபது பேர்தான். பெட்டியைக் காலியாக விட்டால் பட்டியலில் இருக்கிற அத்தனை பேரும் வருவார்கள், ஆனால் காகிதம் வீணாகும் என்று அண்ணாச்சி விடமாட்டார். ஆகவே பதினெட்டு வருஷமாகப் பெண் வீட்டார் எல்லோரும் அதே இருபது பேரின் ஜாதகத்தை வாங்கிப் போய், என்னிடம் ஜெராக்ஸ் எடுத்து, பொருந்தவில்லை என்று திரும்பி வந்தார்கள். இருபதுக்குப் பின்னால் பதிந்தவர்கள் எல்லாம் பதிந்ததோடு சரி, அவர்களின் பழைய படிவங்களையும் கரையான் தின்றுவிட்டது. அந்த மையத்தால் ஒரு கல்யாணம் கூடிவந்ததாக எனக்கு நினைவே இல்லை.

இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் தறிக்கும் பொட்டு, லாரிக்கும் பொட்டு, என் ஜெராக்ஸ் மெஷினுக்கு நெற்றி எது என்று தெரியாமல் நான்கு பக்கமும் பொட்டு. உலகம்மாள் பக்தியில் கொஞ்சம் தாராளம். கணினித் திரைக்கு விபூதிப் பட்டை போட்டு, கீபோர்டில் இருக்கிற பொத்தான் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். ராத்திரியோடு சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், அரிசி ஆலைக்காரர் ஒருவர் மகளுக்கு வரன் கேட்டுக் காலையிலேயே வந்து உட்கார்ந்தார். உலகம்மாள் மவுஸால் 'ஆண்' என்று போட்டாள், இருபது என்று போடப் போனாள், எண் பொத்தான் ஒன்றும் அமுங்கவில்லை, சரி, நல்ல நாளும் அதுவுமாக ஒரு தடவை காலியாகவே போகட்டும் என்று 'தேடு' என்பதை அழுத்தினாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. வாசலில் வந்தார்கள்.

முதலில் ஒருவர் வந்து நின்று வணக்கம் சொன்னார், அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர், பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு ஒருவர், ஹெல்மெட்டோடு ஒருவர், கையில் இட்லித் துண்டோடு ஒருவர், அலுவலக ஃபைலோடு ஒருவர், இடுப்பில் துண்டோடு சொட்டச் சொட்ட ஒருவர், அப்படியே வரிசை என் கடையைத் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டி, தபால் ஆபீஸைத் தாண்டி, பேருந்து நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பாலம் வரைக்கும் போய், பாலத்துக்கு அந்தப் பக்கமும் நின்றது. அரிசி ஆலைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, இன்னைக்கு ஆளையே காட்டுதீகளே, போன தடவை காகிதந்தான குடுத்திய" என்று திருப்தியாகச் சொன்னார். மருந்துக் கடைக்காரர், நீங்கள் எல்லோரும் யார் என்று வரிசையில் நின்ற ஒருவரைக் கேட்டதற்கு, "கூப்பிட்டீகள்லா, வந்திருக்கோம்" என்று அவர் சொன்னார். அதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வந்தவர்களைக் கவனிக்கிற வேலை தலைக்கு மேல் கிடந்தது.

கூட்டம் கூடினால் டோக்கன் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊருக்கு ரத்தத்தில் ஊறியது. நான் ஒன்றிலிருந்து எண்கள் போட்டுச் சீட்டு அடித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், பதிந்த வரிசைப்படியே நின்றவர்களுக்கு உலகம்மாள் வரிசை நெடுகக் கொடுத்துக்கொண்டே போனாள். நானூற்று முப்பத்தோரு பேர். ஹோட்டல்காரர் கேசரி கிண்டினார், ரவை தீர்ந்தது, பக்கத்து ஊரில் வாங்கினார், அங்கேயும் தீர்ந்தது. மொட்டை மாடிகளில் எல்லாம் பெண்கள் ஏறிக்கொண்டார்கள், கல்யாணம் ஆனவர்கள்தான் அதிகம். வரிசையில் நின்ற எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளை ஒருவர் சும்மா நிற்கப் பிடிக்காமல் ஆறு மாதமாக எரியாத தெருவிளக்கை எரிய வைத்தார், பல் டாக்டர் மாப்பிள்ளை ஒருவர் நின்ற இடத்திலேயே மூன்று பேருக்குப் பல் பார்த்தார். மத்தியானம் ஒரு நிறைமாதப் பெண்ணை ஏற்றி வந்த ஆட்டோ இந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்றது. டோக்கன் ஐம்பத்தெட்டு பிரசவம் பார்க்கிற டாக்டராக இருந்தாரோ, எங்கள் மானம் பிழைத்ததோ. என் கடைக்குள் பேப்பர் கட்டுகளை அடுக்கி, மேலே என் புதுச் சேலையை விரித்து, ஆண் குழந்தை, மூன்று கிலோ. அந்தப் பயலுக்கு இன்று வரைக்கும் என் கடையில் ஜெராக்ஸ் இலவசம்.

இந்த அமளியில்தான் மழை பிடித்தது. உலகம்மாள் நனைந்துகொண்டே தபால் ஆபீஸ் பக்கம் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நூற்று எழுபத்து மூன்றாம் டோக்கனை வாங்கிக்கொண்டவர் அதைப் பையில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் குடுக்கிய, ஒங்க டோக்கன் எங்க?" என்று கேட்டாராம்.

"எனக்கு எதுக்கு?" என்று இவள் சிரித்திருக்கிறாள்.

"அதத்தான் நானும் கேக்கேன். ஒங்களுக்கு எதுக்கு இல்ல?"

நூற்று எழுபத்து நான்காவது ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றார், கொடுத்தாள், அடுத்தவருக்குக் கொடுத்தாள், அதற்குள் ஆட்டோ விஷயத்தில் பயந்துபோன ஆவுடையப்பன் அண்ணாச்சி உள்ளே ஓடி, கணினியை அணைத்துவிட்டார். அவ்வளவுதான். நுரைக் கன்னக்காரர் மீதிக் கன்னத்துக்குப் போனார், இட்லிக்காரர் சட்னிக்குப் போனார், நானூற்று முப்பத்தோரு பேரும் அவரவர் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மரியாதைக்காக வாசலில் கழற்றி விட்ட செருப்புகள் மட்டும் எங்கள் தெருவில் கிடந்தன. உலகம்மாள் தபால் ஆபீஸ் வாசலில் கையில் மீதிச் சீட்டோடு நின்றாள். அவர் பெயரைக்கூட அவள் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் ஊர்க் கூட்டம். பஞ்சாயத்துத் தலைவர் மரகதம் அம்மாள் நின்றபடியே பேசினார், அவர் எப்போதும் நின்றுதான் பேசுவார், உட்கார்ந்தால் மற்றவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. "மாப்பிள்ளை வரட்டும், வேண்டாங்கல. வந்தா ஊரு தாங்கணும். ஒரு நேரத்துக்குப் பத்துப் பேருக்கு மேல கூப்பிடக் கூடாது."

ஆவுடையப்பன் அண்ணாச்சி பதறி எழுந்தார். "தலைவரே, நல்ல காரியத்துக்கு மொட்டையா பத்தா? மொய் எழுதுதவன்கூட ஒண்ணு கூட்டித்தான் எழுதுதான். ஒண்ணு சேத்துப் போடுங்க."

ஊரே ஆமாம் என்றது. பத்தோடு ஒன்று சேர்த்துப் பதினொன்று என்று தீர்மானம் எழுதப்பட்டது. மச்சினர் மகன் தென்காசியிலிருந்து வந்து, சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தப் பெட்டி காலியாக இருந்தாலும் பதினொன்றுதான், லட்சம் என்று போட்டாலும் பதினொன்றுதான் என்று இறுக்கிப் பூட்டிவிட்டு, உடனே துபாய் போய்விட்டான். தீர்மானத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். உலகம்மாளும் போட்டாள். பேனாவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் போட்டாள், அதை நான் கவனித்தேன்.

அதற்கப்புறம் அந்த மையத்தைப் போல ஒரு மையம் தமிழ்நாட்டில் எங்கேயும் இருந்திருக்காது. பெண் வீட்டார் வந்து உட்கார்வார்கள், உலகம்மாள் அழுத்துவாள், பதினொரு பேர் வந்து நிற்பார்கள், எப்போதும் அதே பதினொரு பேர். முதல் ஆள் சட்டநாதன், இருபத்தொன்பது வயதில் பதிந்தவர், புரோகிராமில் வயது ஏறாது என்பதால் அதில் இன்னும் இருபத்தொன்பதாகவே இருந்தார், நேரில் நாற்பத்தேழு ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை அவர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. சோற்றில் கை வைத்தால் கூப்பிடுவார்கள், தலைக்கு எண்ணெய் வைத்தால் கூப்பிடுவார்கள், ஆகவே அவர்கள் எப்போதும் சலவைச் சட்டையோடும் சீவின தலையோடும் தயாராக இருக்கப் பழகிக்கொண்டார்கள். வந்ததும் முதல் காரியமாகத் தெருவில் கிடந்த செருப்புகளில் தங்கள் ஜோடியைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். பதினொரு பேர் இருந்ததால் பள்ளிக்கூட மைதானத்தில் கிரிக்கெட் ஆடினார்கள். பெண் வீட்டார் பலகாரம் சாப்பிடும் நேரத்தில் பத்து ஓவர் ஆடிவிடுவார்கள். பக்கத்து ஊர் அணியை எங்கள் மாப்பிள்ளைகள் அடித்த அடியில் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் எங்கள் பேருந்தில் ஏற மாட்டார்கள். ஒருமுறை சட்டநாதன் தொண்ணூற்று எட்டு ரன்னில் நிற்கும்போது உள்ளே யாரோ கணினியை அணைத்துவிட்டார்கள், அன்றைக்கு மைதானத்தில் விழுந்த வசவுகளை எழுத முடியாது.

ஊரே இப்படிக் கூத்தாடிக்கொண்டிருந்தபோது உலகம்மாள் மட்டும் ஒவ்வொரு தடவை அழுத்திய பிறகும் எழுந்து வாசலுக்கு வந்து, பதினொரு பேரைத் தாண்டி, தபால் ஆபீஸ் பக்கமே பார்ப்பாள். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பார்த்துவிட்டு உள்ளே போவாள். நான்கு நாள் பொறுத்தேன், ஐந்தாம் நாள் கடையை விட்டு எழுந்து போய், "என்னட்டீ, யாரத் தேடுத?" என்று கேட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிரித்துக்கொண்டு சொன்னாள். "பேரு தெரியாது, ஊரு தெரியாது, நம்பரு மட்டுந்தான் தெரியும் பிரமுக்கா. நூத்தி எழுவத்தி மூணு. பதினொண்ணோட வரிசை நின்னுருது. நான் எங்க போயித் தேடுவேன்?"

இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாள். எனக்கு வாயில் பூட்டுக் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும், ஆகவே சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்ததற்கு நான் மட்டும் பொறுப்பு இல்லை. ஹோட்டல்காரர் அழுதார். மருந்துக் கடைக்காரர் என் கடைக்கு வந்திருந்த மரகதம் அம்மாளிடம் போய், ஒரே ஒரு தடவை நூற்று எழுபத்து மூன்று என்று போட விடுங்கள் என்று கெஞ்சினார். பூட்டினவன் துபாயில், பூட்டை யாராலும் திறக்க முடியாது, திறந்தாலும் தீர்மானத்தை மீற முடியாது என்றார் தலைவர். சொல்லிவிட்டு என் கடை வாசலிலேயே நின்று வானத்தைப் பார்த்து யோசித்தார். பிறகு கேட்டார்: "ஏளா உலகு, பட்டியல்ல இருக்கவனுக்குக் கல்யாணம் ஆயிட்டா பேர எடுத்துருவேல்லா?"

"எடுத்துருவோம்மா."

"எடுத்தா வரிசை நகரும்லா?"

நூற்று எழுபத்து மூன்றாவது ஆள் பதினொன்றாவது ஆளாக வர வேண்டுமானால், அவருக்கு முன்னால் இருக்கிறவர்களில் நூற்று அறுபத்திரண்டு பேருக்குக் கல்யாணம் ஆக வேண்டும், அவ்வளவுதானே. "அவ்வளவுதான்!" என்று கத்தினார் ஆவுடையப்பன் அண்ணாச்சி. பதினெட்டு வருஷத்தில் ஒரு கல்யாணம்கூடக் கூட்டி வைக்காத மனிதர், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் ஆரம்பித்தோம். முதலில் சட்டநாதன். ஆறு தடவை வந்து ஆறு தடவையும் வேண்டாம் என்று போயிருந்த ஒரு டீச்சர் அம்மாள் அவர் சிக்ஸர் அடித்ததைப் பார்த்ததாகவும், நாற்பத்தேழு வயதில் இப்படி ஓடுகிறவர் கடைசி வரை ஓடுவார் என்றும் சொல்லி ஒத்துக்கொண்டார். சட்டநாதன் போனார், பன்னிரண்டாவது ஆள் உள்ளே வந்தார், அணிக்குத் தொடக்க ஆட்டக்காரர் இல்லாமல் போனார். அதற்கப்புறம் நாங்கள் நிற்கவில்லை. மாலை கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள், மேளக்காரர்கள் ஊதிக்கொண்டே இருந்தார்கள், மண்டபத்துச் சமையல் கட்டில் அடுப்பு அணையவே இல்லை, வாழைமரம் கட்டியது கட்டியபடி இருந்தது, மணமக்கள் பெயரை மட்டும் மாற்றி மாற்றி எழுதினோம். கொன்றையடிக்குப் போனால் பதினொரு மாப்பிள்ளையை உயிரோடு பார்க்கலாம் என்ற செய்தி பரவி விருதுநகரிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வேன் வேனாக வந்தார்கள். குறை கண்டு நொட்டை சொல்கிற மாமன்மார்களை ஹோட்டல்காரர் கூட்டிப்போய் அல்வா கொடுத்து வாயை ஒட்டவைத்தார். உயரம் போதாது என்று சொன்ன பெண்ணிடம் மருந்துக் கடைக்காரர், "ஒயரத்த வச்சு என்ன தாயி, ஒட்டடையா அடிக்கப் போற?" என்று கேட்டார், அந்தக் கல்யாணம் அந்த வாரமே நடந்தது. மார்கழியில் மட்டும் மூச்சு விட்டோம். தை பிறந்த அன்றைக்கு ஒரே நாளில் ஒன்பது.

பதினொரு பேரில் சிலர் வந்ததுமே, "அக்கா, எனக்குக் கல்யாணம் ஆகி நாலு வருசமாச்சு, சொல்ல விட்டுப்போச்சு" என்று தலையைச் சொறிவார்கள். ஒருவர் இடுப்பில் குழந்தையோடு வந்தார், ஒருவர் கையைப் பிடித்தபடியே மனைவியும் வந்துவிட்டார், அந்த அம்மாள் மையத்தின் நடுவில் நின்று அவரைக் கேட்ட கேள்விகளுக்கு இன்னும் பதில் வரவில்லை. இப்படி ஒரு பெயர் நீங்கினால் ஊர் விசில் அடிக்கும், ஒரு கல்யாணச் செலவு மிச்சம், வரிசை நகர்ந்தது என்று. உலகம்மாள் மட்டும் விசிலடிக்க மாட்டாள். அவள் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். நூற்று எழுபத்து மூன்றாம் ஆளும் இதேபோல இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்து நின்றால்?

பங்குனி போய், சித்திரை போய், வைகாசி போனது. நூற்றுப் பதினொரு கல்யாணம் நாங்கள் நடத்தியது, ஐம்பத்தோரு பெயர் தானாகப் போனது. என் கடைச் சுவரில் கரிக்கட்டியால் போட்டு வந்த கோடுகள் சுவர் போதாமல் விட்டத்துக்கு ஏறின. ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை, நூற்று அறுபத்திரண்டாவது கோட்டை நான் ஸ்டூல் மேல் ஏறிப் போட்டேன்.

மறுநாள் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா ஓய்வு பெற்ற தாசில்தார், பெண் வக்கீல், இருபத்தாறு வயது, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, பேச்சும் அப்படித்தான். எனக்கு அவளை ரொம்பப் பிடித்தது, அதனாலேயே அவள் வேறு கிழமையில் வந்திருக்கக் கூடாதா என்று மனதுக்குள் திட்டினேன். ஊரே மைய வாசலில் நின்றது. உலகம்மாள் நீலச் சேலை கட்டி, கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பிரமுக்கா, நீங்க அழுத்துங்க" என்றாள். "நீதான்டீ அழுத்தணும்" என்றேன். அழுத்தினாள்.

பத்துப் பேர் வந்தார்கள். பதினோராவதாக ஒருவர் வந்தார். ஒல்லி, மாநிறம், முப்பத்தெட்டு வயது இருக்கும், கையில் ஒரு ரசீதுப் புத்தகம், இடுப்பில் குழந்தை இல்லை. நான் உலகம்மாள் முகத்தைத்தான் பார்த்தேன், பார்த்ததும் தெரிந்துவிட்டது, மருந்துக் கடைக்காரருக்கும் தெரிந்துவிட்டது, அவர் என் தோளைப் பிடித்துக் கிள்ளிவிட்டார்.

தாசில்தார் பத்துப் பேரையும் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றார். வேறு ஆளே கிடைக்கவில்லையா அந்த மனிதருக்கு! "தம்பி, பேரு?"

"திருமலைக்கொழுந்து."

"வேல?"

"எடை மேடைல. லாரிக்கு எடை போடுவேன்."

"முகத்துல ஒரு அமரிக்கை இருக்கு" என்று தாசில்தார் மனைவியிடம் சொன்னார், மனைவி பெண்ணைப் பார்த்தார், பெண் தன் போனைப் பார்த்தாள். "அம்மா, இவுக ஜாதக விவரத்த எழுதிக் குடுங்க" என்றார் உலகம்மாளிடம். ஒன்பது மாதமாகக் கல்யாணம் பண்ணிப் பண்ணி இழுத்துக்கொண்டுவந்த மனிதரை இன்னொரு பெண்ணுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உலகம்மாள் கொண்டையிலிருந்து பேனாவை எடுத்தாள், காகிதத்தை எடுத்தாள், தலையைக் குனிந்துகொண்டு, "நட்சத்திரம் சொல்லுங்க" என்றாள்.

அவர் நட்சத்திரம் சொல்லவில்லை. "ஐயா, தப்பா எடுத்துக்கிடாதிய" என்றார் தாசில்தாரிடம். "நான் ஒருத்தரத் தேடிக்கிட்டு இருக்கேன். ஒம்போது மாசமா நாலு ஊரு மையத்துல பெண்கள் பட்டியல வாங்கிப் பாத்துட்டேன், அவங்க படத்தக் காணல. நேர்ல வரலாம்தான். அவங்களுக்குக் கல்யாணம் ஆயிருந்தா எந்த மொகத்தோட வருவேன்? பட்டியல்ல இருந்தா தைரியமா வரலாம்னு தேடுனேன். எந்தப் பட்டியல்லயும் இல்ல." பிறகு உலகம்மாளைப் பார்த்தார். "இத்தன பேரு பேர எழுதுதிய. ஒங்க பேர ஏன் ஒரு எடத்துலயும் எழுதல?"

அந்த நேரம் பார்த்துத்தானா கரண்டு போக வேண்டும்! மின்விசிறி நின்றது. யூபிஎஸ் கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது. அந்தப் பெட்டியின் உயிர் மூன்று நிமிஷம்கூடத் தாங்காது என்பது ஊருக்கே தெரியும், கணினி அணைந்தால் அவர் போய்விடுவார் என்பதும் தெரியும். "ஏளா, பதில் சொல்லுட்டீ!" என்று வாசலிலிருந்து ஐம்பது குரல். உலகம்மாள் எழுந்து நின்றாள், பதினெட்டு வருஷமாக வேலை செய்யாத புரோகிராமைக்கூட வேலை செய்ய வைத்தவளுக்கு அந்த நேரத்தில் நாக்கு வேலை செய்யவில்லை.

"ஒங்க ஊரு?" என்று கடைசியில் கேட்டாள்.

"மேலப்பாறை, எடை மேடைன்னு கேட்டா..." என்றார், யூபிஎஸ் அணைந்தது, பதினொரு பேரும் இருந்த இடத்தில் யாரும் இல்லை.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல, ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்று ஆவுடையப்பன் அண்ணாச்சி கைகளை ஆட்டினார். "கரண்டு வரட்டும், மறுபடியும் கூப்பிட்டுருவோம். இப்பதான் பதினொண்ணுக்குள்ள வந்துட்டாருல்லா."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் உலகம்மாள். "கூப்பிட்டுக் கூப்பிட்டே ஒம்போது மாசம் ஓடிட்டு. நான் போறேன்."

பேனாவை மேஜையில் வைத்தாள், செருப்பை மாட்டினாள், பேருந்து நிலையத்தைப் பார்த்து நடந்தாள். எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றித்தான் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்குமே. நான் கடையைச் சாத்தாமலே பின்னால் போனேன், மரகதம் அம்மாள் வந்தார், மருந்துக் கடைக்காரர் வந்தார், ஹோட்டல்காரர் ஒரு தூக்குச் சட்டி கேசரியோடு வந்தார், மேளக்காரர்கள் வேறு கல்யாணத்துக்குப் போகிற வழியில் திரும்பி வந்தார்கள், தாசில்தார் குடும்பமும் வந்தது. வக்கீல் பெண் நான்காவதாக நின்றவரின் போன் நம்பரை வந்த ஐந்தாவது நிமிஷமே வாங்கி வைத்திருந்தாளாம், அதை என்னிடம் பேருந்தில் சொல்லிச் சிரித்தாள். இரண்டே முக்கால் மேலப்பாறை வண்டியில் நாங்கள் ஏறியதும் கண்டக்டர் இத்தனை பேரை ஏற்ற முடியாது என்றார். மரகதம் அம்மாள் நின்றுகொண்டே அவரோடு பேசினார். வண்டி கிளம்பியது.

ஒன்றரை மணி நேரம் உலகம்மாள் ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எடை மேடையில் விசாரித்தோம், அன்றைக்கு வேலையில் மனம் ஓடவில்லை என்று வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள், வீட்டுக்கு வழி காட்டினார்கள். ஓட்டு வீடு, பச்சை வாசல். தெரு குறுகலானது என்பதால் நாங்கள் ஐம்பத்து மூன்று பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையில் நின்றோம். உலகம்மாள் முதல் ஆளாக நின்று கதவைத் தட்டினாள். அவர் திறந்தார். அவளைப் பார்த்தார். அவருக்கும் நாக்கு வேலை செய்யவில்லை, அதைப் பார்த்ததில் எங்களுக்கு ஒரு திருப்தி.

"எம் பேரு உலகம்மா" என்றாள் அவள். "கல்யாணம் ஆகல. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

உள்ளே சமையல் கட்டிலிருந்து அவர் அம்மாவின் குரல் வந்தது. "யாருல வந்துருக்கா? ஒரே சத்தமா கெடக்கு! எத்தன பேருக்குக் காப்பி போடணும்?"

அவர் தெருமுனை வரை நின்ற எங்கள் வரிசையை ஒருமுறை பார்த்தார், மேளக்காரர்களைப் பார்த்தார், கேசரிச் சட்டியைப் பார்த்தார், பிறகு உலகம்மாளைப் பார்த்தார்.

"ஒருத்தங்கதாம்மா வந்துருக்காங்க" என்றார்.

ஐம்பத்து மூன்று பேரில் ஒருவருக்கும் அன்றைக்குக் காப்பி கிடைக்கவில்லை, ஒருவருக்கும் அது குறையாகவும் தெரியவில்லை. உலகம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.